அளந்ததை அன்றைக்கே சொல்லுங்கள்

1986 ஏப்ரல் 28, திங்கட்கிழமை காலை. ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியர் கதிர்வீச்சு சோதனைக் கருவியைக் கடக்கிறார். அபாய மணி அடிக்கிறது. அவர் உலைப் பக்கமே போயிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில், உள்ளே வர வரிசையில் நின்றவர்களுக்கும் அதே மணி. ஒருவருடைய ஷூவைக் கழற்றி வாங்கி ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதில் ஒட்டியிருந்தது அந்த நிலையத்தின் தூசு இல்லை. சுமார் 1,100 கிலோமீட்டர் தள்ளி, அன்றைய சோவியத் யூனியனில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்திலிருந்து காற்றில் வந்து, மழையோடு தரையில் இறங்கியது.

உலை வெடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சோவியத் அரசு வெளியுலகுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்வீடன் கேட்டபோதும் முதலில் மறுத்தார்கள். அன்று இரவுதான் சில வரிகளில் அறிவிப்பு வந்தது.

"விபத்து எங்கேயோ நடக்கிறது, இங்கே உட்கார்ந்து காற்றில் கதிரியக்கத்தை அளந்து என்ன ஆகப்போகிறது, வீண் பீதிதான்" என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஷூதான் நினைவுக்கு வரும்.

அளக்கும் முறை அப்படியொன்றும் மர்மமானது இல்லை. ஒரு பம்பு நாள் முழுக்கக் காற்றை இழுத்து வடிகட்டித் தாள் வழியாக விடுகிறது. தூசு தாளில் தங்கிவிடும். அந்தத் தாளை ஜெர்மானியம் டிடெக்டரின் முன்னால் வைக்கிறார்கள். தாளிலிருந்து வரும் காமா கதிர்களின் ஆற்றலை அளந்து வரைபடமாகக் காட்டும் கருவி அது; ஒவ்வொரு கதிரியக்கப் பொருளுக்கும் அதற்கே உரிய ஆற்றல் உண்டு. சீசியம்-137 இருந்தால் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) என்ற இடத்தில் ஒரு கூரான முகடு எழும்; அயோடின்-131 இருந்தால் 364-இல். கூடவே சீசியம்-134 தெரிந்தால் அது உலையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம், ஏனென்றால் அணுகுண்டு வெடிப்பில் அது பெரிதாக உண்டாவதில்லை. ஒரு துண்டுத் தாள் இவ்வளவும் சொல்கிறது!

இதனால் உயிருக்கு என்ன லாபம் என்று கேட்டால், போலந்தைப் பாருங்கள். அதே 28-ஆம் தேதி காலையில் மிகோவைகி என்ற ஊரின் கண்காணிப்பு நிலையம் காற்றில் கதிரியக்கம் ஏறியிருப்பதைப் பிடித்தது. மாஸ்கோ விவரம் தரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. மறுநாளே குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுக்க ஆரம்பித்தார்கள். சில நாட்களில் சுமார் 1 கோடி குழந்தைகளுக்குக் கொடுத்து முடித்தார்கள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை இழுத்துக்கொள்ளும்; முன்கூட்டியே சாதாரண அயோடினால் அதை நிரப்பிவிட்டால் கதிரியக்க அயோடினுக்கு இடம் இருக்காது. அயோடின்-131-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள்தான். தைராய்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த நாட்களுக்குள் காப்பாற்ற வேண்டும். செர்னோபிலுக்கு அருகிலிருக்கும் கீவ் நகரத்திலோ மே தின ஊர்வலம் வழக்கம்போல் நடந்தது, குழந்தைகளும் நடந்தார்கள். இதை எழுதும்போது இப்போதும் மனசு கனக்கிறது.

சரி, பீதி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்தில் வெளியான துகள்கள் இரண்டே வாரத்தில் வடக்கு அரைக்கோளம் முழுக்கக் கண்டறியப்பட்டன. "கண்டறியப்பட்டது" என்பதை "ஆபத்து" என்று படித்துப் பயந்தவர்கள் ஏராளம். ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோபெக்கரெல் என்றால், அந்தக் காற்றில் சராசரியாகப் பதினொன்றரை நாளைக்கு ஓர் அணு சிதைகிறது, அவ்வளவுதான். நாம் தினமும் சுவாசிக்கும், மண்ணிலிருந்து இயற்கையாக வரும் ரேடான் என்ற கதிரியக்க வாயு அதைவிடச் சுமார் ஒரு கோடி மடங்கு அதிகம். இந்த ஒரு வரியை எண்ணோடு சேர்த்துப் போட்டால் மக்களுக்குப் புரியும். எண்ணை மறைத்தால்தான் வதந்தி வளரும்.

தூரம் மட்டுமே பாதுகாப்பு என்றும் நினைத்துவிட முடியாது. மேகம் போகும் வழியில் எங்கே மழை பெய்ததோ அங்கேதான் படிவு அதிகம். பிரிட்டனின் வேல்ஸ் மலைகளில் மேயும் ஆடுகளை விற்கச் செர்னோபில் காரணமாக விதித்த கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது.

கருவி இருந்தும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமியே நகரம் இருக்கிறது. ஃபுகுஷிமா விபத்தின்போது அந்த ஊர் மக்கள் வடமேற்கே சுஷிமா பகுதிக்கு ஓடினார்கள். காற்றும் அதே திசையில்தான் வீசியது. கதிரியக்கம் எந்தப் பக்கம் பரவும் என்று கணிக்கும் ஸ்பீடி என்ற அமைப்பு ஜப்பான் அரசிடம் இருந்தது, அதன் கணிப்புகளும் வந்துகொண்டிருந்தன. நகராட்சிக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்பீடி வரைபடம் முதன்முதலாகப் பொதுவில் வந்தது மார்ச் 23-ஆம் தேதி. அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, தங்கிய இடமும் சரியில்லை என்று அந்த மக்கள் சுஷிமாவையும் விட்டுக் கிளம்பியிருந்தார்கள்.