தெரியாமலா செய்தார்கள்?

அமெரிக்க அடிமை முறையைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், "அந்தக் காலம் அப்படி, அவர்களுக்கு அது தவறென்றே தெரியாது" என்று யாராவது வக்காலத்து வாங்க வந்துவிடுகிறார்கள். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை. தப்பியோடியவர்களைப் பிடித்துத் தரச் சொல்லி எசமானர்கள் செய்தித்தாள்களில் கொடுத்த விளம்பரங்களைப் படித்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

1769 செப்டம்பரில் 'வர்ஜீனியா கெசட்'டில் வந்தது இது. ஓடிப்போனவர் பெயர் சாண்டி. வயது சுமார் 35, குள்ளம், சற்றே பருமன். காலணி தைப்பவர், பெரும்பாலும் இடது கையால் வேலை செய்வார். ஓரளவு தச்சு வேலையும் தெரியும், குதிரைப் பழக்கமும் உண்டு. குடிகாரன், வாயைத் திறந்தால் வசவு, சூழ்ச்சிக்காரன் என்ற ஏச்சும் கூடவே. ஒரு வெள்ளைக் குதிரையையும் தொழில் கருவிகளையும் கொண்டுபோய்விட்டானாம். அந்தத் தொழிலைச் செய்தே பிழைக்கப் பார்ப்பானாம். உள்ளூரில் பிடித்தால் 40 ஷில்லிங், வேறு காலனியில் பிடித்தால் 10 பவுண்டு. விளம்பரம் கொடுத்தவர் தாமஸ் ஜெஃபர்சன். மனிதர் எல்லோரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று ஏழு ஆண்டுகள் கழித்து சுதந்திரப் பிரகடனத்தில் எழுதிய அதே ஜெஃபர்சன்தான். சாண்டி பிடிபட்டார். 1773இல் 100 பவுண்டுக்கு விற்கப்பட்டார்.

எந்தக் கையால் ஊசி பிடிப்பான் என்பதுவரை தெரிந்தவருக்கு, அவன் மனிதன் என்பது மட்டும் தெரியாமல் போயிற்றா?

இந்த விளம்பரங்களில் ஆளின் அடையாளத்தைப் பற்றிப் பொய் சொல்ல வழியில்லை. அடையாளம் தப்பாக இருந்தால் ஆள் கிடைக்கமாட்டான், கொடுத்த காசும் வீண். அதனால் உண்மை தானாக வந்து விழுகிறது. முதுகில் சவுக்குத் தழும்பு உண்டு என்கிறார்கள். மனைவி இன்ன பண்ணையில் இருக்கிறாள், அவளைப் பார்க்கப் போயிருக்கலாம் என்கிறார்கள். அடிமைகளுக்குக் குடும்பப் பாசம் ஆழமாக இராது என்று பேசியவர்கள்தாம் அந்தப் பாசத்தை நம்பி வலை விரித்தார்கள். 1804இல் ஆண்ட்ரூ ஜாக்சன் கொடுத்த விளம்பரம் இன்னும் மோசம்: பிடித்துத் தந்தால் 50 டாலர், பிடித்தவர் சவுக்கால் அடித்தால் நூறு அடிக்குப் பத்து டாலர் கூடுதல், முந்நூறு அடிவரை. பிற்பாடு அவர் நாட்டின் குடியரசுத் தலைவரானார். 1839இல் அடிமை முறையை ஒழிக்கப் போராடிய தியோடர் வெல்டும் கிரிம்கே சகோதரிகளும் இப்படிப்பட்ட விளம்பரங்களை வெட்டித் தொகுத்து, அடிமை முறைக்கு எதிரான சாட்சியமாகவே புத்தகத்தில் வைத்தார்கள். எசமானர்கள் எப்படி மறுப்பார்கள்?

வெள்ளையரும்தானே ஓடினார்கள் என்பது அடுத்த வாதம். ஓடினார்கள். ஒப்பந்த வேலைக்காரர்களான ஒரு தச்சரையும் ஒரு செங்கல் தொழிலாளியையும் தேடி ஜார்ஜ் வாஷிங்டனே 1775இல் விளம்பரம் செய்தார். ஒப்பந்த வேலைக்காரர்களும் அடிபட்டார்கள், விற்கப்பட்டார்கள். ஆனால் அவர்களுடைய ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி இருந்தது, அவர்களுடைய பிள்ளைகள் யாருக்கும் சொத்தாகவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையில்லை.

அச்சிட்டவர்களையும் விடக்கூடாது. 1723இல் அண்ணனின் அச்சகத்திலிருந்து பாதியில் ஓடிய பயிற்சித் தொழிலாளி பெஞ்சமின் பிராங்க்ளின். பிறகு அவரே நடத்திய 'பென்சில்வேனியா கெசட்' தப்பியோடியவர்களைப் பற்றிய விளம்பரங்களை வாங்கிப் போட்டுக் காசு பார்த்தது. ஓடுவதன் காரணம் அவருக்குப் புரியாதா என்ன!

1796 மே மாதம் பிலடெல்பியாவில் குடியரசுத் தலைவர் வாஷிங்டனின் வீட்டிலிருந்து ஓனா ஜட்ஜ் என்ற இளம் அடிமைப் பெண் தப்பினார். போவதற்கு அவளுக்கு எந்தக் காரணமும் இல்லை என்று விளம்பரத்தில் போட்டார்கள். பத்து டாலர் சன்மானம். காரணத்தை 1840களில் ஓனாவே பத்திரிகைகளிடம் சொன்னார். மார்த்தா வாஷிங்டன் தம் பேத்திக்கு அவரைக் கொடுத்துவிட இருந்தாராம். வீட்டார் வர்ஜீனியா போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, ஓனாவும் தம் மூட்டையைக் கட்டினார். வாஷிங்டன் ஆளனுப்பிப் பார்த்தும் அவர் திரும்பவில்லை.