84 நாள் சம்பளம் யார் தலையில்?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஏழு பேரோடு ஒரு சின்னக் கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். வேலை கேட்டு வரும் பெண்பிள்ளைகளிடம் "கலியாணம் எப்போது பிள்ளை?" என்று அக்கறைபோலக் கேட்டு, பதிலைப் பார்த்து விண்ணப்பத்தை அடியில் செருகி வைத்தவன் நான். ஒருமுறை அல்ல, பல வருடம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. என்னைப்போல் கடையோ கந்தோரோ வைத்திருக்கிற எத்தனை பேர் இதையே வாய்திறந்து கேட்காமல் செய்கிறார்களோ!

காரணம் காசுதான். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி பிரசவ லீவு 84 நாள். வார லீவு, பௌர்ணமிப் போயா, அரச விடுமுறை எதுவும் அதில் சேராது. வாரம் ஐந்து நாள் திறக்கும் எங்களுக்கு அது நான்கு மாதத்தை எட்டும். மூன்றாவது பிள்ளை என்றால் 42 நாள்தான் என்று இருந்ததை 2018இல் மாற்றினார்கள், நல்ல வேலை. ஆனால் அந்த லீவுக்கான சம்பளம் முழுக்க முதலாளியின் பையிலிருந்துதான். பெரிய கம்பனிக்கு அது தெரியவே தெரியாது. ஏழு பேரில் ஒருவர் போனால் எனக்குத் தெரியும்.

ஆறு வருடம் எங்களோடு இருந்த ஒரு பிள்ளை லீவு முடிந்து திரும்பினாள். வத்தளையிலிருந்து இரண்டு பஸ். மத்தியானம் பால் கட்டி முகம் சுருங்கி இருப்பாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். ஒரு மணித்தியாலம் முந்திப் போகலாமா என்று கேட்டதற்கும் முணுமுணுத்தேன். மூன்றாம் வாரம் "ஏலாது சேர்" என்று கடிதம் தந்தாள். ஒரு தலைவலி தீர்ந்தது என்றுகூட நினைத்தேன்.

அப்புறம்தான் கணக்கு புரிந்தது. எந்த வாடிக்கையாளர் பில்லை ஒளிப்பார், யாருடைய வற் வரி அறிக்கை எங்கே இழுபடும் என்பதெல்லாம் அவள் தலைக்குள்தான் இருந்தது. புதியவர் பழக எட்டு மாதம். அதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் கைமாறிவிட்டார்கள். அவளுக்கு இன்னும் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தாலும் எனக்கு லாபம்.

அப்பாமாரின் கதை இதைவிட மோசம். அரச ஊழியருக்காவது மூன்று நாள் உண்டு. தனியார் துறையில் சட்டப்படி ஒன்றும் கிடையாது. என் மகள் பிறந்தபோது ஆண்டு லீவில் நான்கு நாள் எடுத்தேன். மனைவிக்கு சிசேரியன். யாழ்ப்பாணத்திலிருந்து மாமி வந்து பிள்ளைப்பேற்றுக் காயச் சரக்கு அரைத்துக் கொடுத்தார். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்து மாமி ரயில் ஏறிய அன்று, மனைவி கதவைப் பார்த்தபடி இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் அன்றும் வேலைக்குப் போனேன்.

தாய்மைப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 103ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றது. இந்தச் செலவைத் தனி முதலாளி தலையில் கட்டக்கூடாது என்று அதிலேயே இருக்கிறது! ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மாதாமாதம் 3 வீதம் கட்டுகிறோமே, யாராவது செத்துப்போனோமா? அதுபோல ஆண், பெண் எல்லோருடைய சம்பளத்துக்கும் எல்லா முதலாளிகளும் கொஞ்சம் கட்டினால், தாய்க்கும் தகப்பனுக்கும் அந்தப் பொது நிதியிலிருந்தே சம்பளம் கொடுக்கலாம். ஆணை எடுத்தாலும் பெண்ணை எடுத்தாலும் எனக்கு ஒரே செலவு. பிறகு எதற்குக் கலியாணக் கேள்வி?

போன மாதம் ஒரு பிள்ளை வந்தாள். நான் கேட்கவில்லை. அவளே, "சேர், வைகாசியில் எனக்குக் கலியாணம். முதலே சொல்லிவிடுகிறேன்" என்றாள். கண் என் கையிலிருந்த பேனாவிலேயே இருந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னேன். நிதி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று, பதில் ஆளின் சம்பளத்துக்கு இந்த மாதமே தனிக் கணக்கு ஒன்று தொடங்கியிருக்கிறேன்.