அந்த உடல் அவளுடையது அல்ல

ஞாயிற்றுக்கிழமை 'மரியா காண்டெலாரியா' என்ற மெக்சிகோ படத்தின் திரையிடல் முடிந்ததும் அண்ணன் ஒருவர் சொன்னதை உங்களில் பலரும் கேட்டீர்கள். சிலர் சிரிக்கவும் செய்தீர்கள். ஓவியன் வீட்டுப் படியைக் கதாநாயகி மரியா மிதிக்காமல் இருந்திருந்தால் கல்லடி பட்டிருக்க மாட்டாளாம். 'மரியா காண்டெலாரியா'வை முழுவதும் பார்த்த ஒருவருக்கு இப்படிப் பேச வாய் வருகிறது என்பது நான்கு நாளாகியும் எனக்குச் செரிக்கவில்லை.

அவள் எதற்காகப் போனாள்? மலேரியாவில் கிடந்தவளுக்குச் சேர வேண்டிய, அரசு அனுப்பிய கொய்னா மருந்தைக் கடைக்காரன் தாமியான் கொடுக்க மறுத்தான். அதைத் திருடிய அவள் காதலன் லொரென்சோ ரஃபயேல் சிறைக்குப் போனான். அவனை மீட்கப் பணம் வேண்டித்தான் அவள் ஓவியன் முன் நின்றாள். ஆடையைக் களையச் சொன்னதும் மறுத்துவிட்டாள். ஓவியனோ வேறொரு பெண்ணின் நிர்வாண உடலை வைத்து ஓவியத்தை முடித்தான். அதைப் பார்த்த ஊரார்தான் அவளைக் கல்லால் அடித்துக் கொன்றார்கள். முகம் அவளுடையது, உடல் அவளுடையது அல்ல. அன்றும் இதைத்தான் சொன்னேன்.

உடல் அவளுடையது அல்ல என்பது ஊராருக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாதுதான். ஆனால் அந்த ஓவியத்துக்கு வெகு முன்பே, பூ விற்கக் கிளம்பியவளின் படகைச் சோச்சிமில்கோ கால்வாயில் மற்றப் படகுகள் மறித்து நின்றனவே, அதற்கு எந்த ஓவியம் காரணம்? தாய் விலைமகள் என்பதால் மகளுக்கு எப்போதோ தீர்ப்பு எழுதியாகிவிட்டது; சாட்சிதான் தாமதமாக வந்தது.

மரியாவாக நடித்த, ஹாலிவுட்டில் மின்னிய டோலோரெஸ் டெல் ரியோ 1909ஆம் ஆண்டின் ஏழைப் பழங்குடிப் பெண்ணாக ஒட்டவில்லை என்கிறீர்களா, ஒப்புக்கொள்கிறேன். இயக்குநர் எமிலியோ ஃபெர்னாண்டஸ் சோகத்தை அள்ளிக் கொட்டுகிறார், அதுவும் சரி. இப்படம் பெற்ற 1946 கான் திரைப்பட விழாவின் உயரிய விருது, நம் இந்திப் படம் 'நீச்சா நகர்' உட்படப் பல படங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டதுதான் என்பீர்கள், இருக்கட்டும். இவற்றில் எது அவளைக் குற்றவாளி ஆக்குகிறது?

நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது சுற்றுலாவுக்குச் சேர்த்த 340 ரூபாய் ஆசிரியர் மேசையிலிருந்து காணாமல் போய், வகுப்பறை நடுவில் என் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். பென்சில் சீவிய தூளும் பாதி கடித்த கடலை மிட்டாயும் தரையில் கிடந்தன. மறுநாள் ஆசிரியரின் வருகைப் பதிவேட்டு அட்டைக்குள்ளேயே பணம் அகப்பட்டது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக்கூட மறந்திருப்பேன். அன்று இரவு சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டார்: "நீ எதுக்குடா அந்த மேசைகிட்டப் போன?"

அதே கேள்வியைத்தான் ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கேட்டீர்கள், அண்ணா. சாகும் நேரத்திலும் தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்றுதான் லொரென்சோ ரஃபயேலிடம் மரியா சொல்கிறாள். நீங்கள் அப்போது கைப்பேசியில் இருந்தீர்கள். அதன் வெளிச்சம் பின்வரிசை வரை தெரிந்தது.