முதலில் ஓடைக்கரைக் காட்டைக் குறியுங்கள், பிறகு குழி வெட்டுங்கள்

இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டுவதைப் பற்றி வாய் திறந்தாலே, "நம்ம பொடியன்க வயித்துல அடிக்கப் பாக்குறியா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தேயிலைச் சம்பளத்தில் குடும்பம் ஓடாதவன்தான் குழிக்குள் இறங்குகிறான், அவனோடு எனக்கு வழக்கில்லை. எந்த இடத்தில் தோண்டலாம் என்று மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறவர்களிடம்தான் பேசுகிறேன்.

மலையிலிருந்து மழையும் ஆறும் காலங்காலமாக அடித்து வந்த சரளை, பள்ளத்தில் களிமண்ணுக்குக் கீழே படிந்து கிடக்கிறது. மாணிக்கக்கல் கலந்து கிடக்கும் அந்தச் சரளையைத்தான் இங்கே 'இல்லம்' என்கிறார்கள். அதனால் கல் தேடுகிறவர்கள் ஓடைக்கரைக்குத்தான் வருவார்கள். நம் தோட்டங்களில் காடு என்று மிஞ்சியிருப்பதில் பெரும்பகுதியும் அதே ஓடைக்கரையில்தான் இருக்கிறது. மரை தண்ணீருக்கு இறங்குவதும், நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் இரை தேடுவதும் அங்கேதான். பகலில் அந்தப் புதருக்குள் படுத்துக் கிடக்கும் சிறுத்தை, இருட்டியதும் அதன் வழியாகவே அடுத்த மலைக்குப் போகிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தை அண்டிய தோட்டக் காடுகளில் சிறுத்தைகள் வாழ்வதை ஆய்வாளர்கள் அஞ்சலி வொட்சனும் அண்ட்ரூ கிட்டிலும் தானியங்கிக் கேமரா வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சரணாலய எல்லையை மட்டும் பார்த்துத் திட்டம் போட்டால் இந்தச் சிறுத்தைகள் யார் கணக்கிலும் வராது.

1993இல் வர்த்தமானியில் வந்த பட்டியல்படி, நிலப்பரப்பு அகழ்வு மொத்தம் 10 ஹெக்டேயரைத் தாண்டினால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு, அதாவது அந்த வேலையால் சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு வரும் என்ற ஆய்வு, செய்ய வேண்டும். மாணிக்கக்கல் குழிகளோ சின்னச் சின்ன அனுமதிப்பத்திரங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. ஒரே ஓடை நெடுக அவை வரிசையாக வந்தால் கரைக்காடு துண்டு துண்டாகிவிடும். அதனால் அனுமதி கேட்டு வரும் குழியை மட்டும் அளக்காமல், முழு ஓடையையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மிருகங்கள் நடக்கும் கரையை முதலிலேயே குறித்து, அதை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்க வேண்டும். (இரவில் களவாகத் தோண்டுவது வேறு கதை. அது பொலிசார் பார்க்க வேண்டிய வேலை.)

குழியை மூடுவதற்கென்று அனுமதி கொடுக்கும்போதே வைப்புப்பணம் வாங்குகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். அப்படியிருந்தும் மூடாத குழிகள் கிடக்கின்றன. விளிம்பு தெரியாதபடி மானாப்புல் மூடியிருக்கும், உள்ளே பால்தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர். ஒரு குழியின் சரிவில் மரையின் குளம்புகள் வழுக்கிக் கீறிய நீளமான கோடுகளைப் பார்த்தேன். கொழுந்துக் கூடையோடு போகும் அக்காமாரும் அதே பாதையில்தான் நடக்கிறார்கள். குழிகளில் கலங்கும் சேறு கெசெல்கமு ஓயா என்ற ஆற்றின் வழியாகக் காசல்ரீயில் போய்ப் படிகிறது. மின்சாரத்துக்குத் தேக்கி வைத்திருக்கும் தண்ணீர் அது.

கரைக்காட்டை இழந்த மிருகம் மரக்கறித் தோட்டத்துக்கும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும்தான் வரும். அங்கே காட்டுப்பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பி காத்திருக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தையைச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. கம்பி கட்டியவனைத் திட்டி முடித்தோம். அந்த மிருகங்களுக்கு எந்தக் காட்டை விட்டு வைத்திருக்கிறோம் என்று கேட்டவர்கள் குறைவு.

உங்கள் தோட்டத்தில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்து நின்றால் அனுமதிப்பத்திரத்தின் பிரதியைக் கேளுங்கள். ஓடையிலிருந்து எத்தனை அடி தள்ளித் தோண்ட அனுமதி, அள்ளும் மண் எங்கே போகும், குழியை எந்தத் திகதிக்குள் மூட வேண்டும் என்று பாருங்கள். கொடுக்க மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், அனுமதி கொடுத்த அரச நிறுவனத்திடம் விண்ணப்பம் போடலாம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.