அந்த 21.6 கோடி பேர் எல்லை தாண்டுபவர்கள் அல்ல

“காலநிலை மாற்றத்தால் 2050-க்குள் 21.6 கோடி அகதிகள் பிற நாடுகளுக்குள் நுழைவார்கள்” என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். எண் இருப்பது உண்மைதான், பொருள் வேறு. உலக வங்கியின் 2021 ‘கிரவுண்ட்ஸ்வெல்’ அறிக்கை, ஆறு பிராந்தியங்களில் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயரக்கூடியவர்களைத்தான் கணக்கிடுகிறது. அதுவும் உச்சபட்ச மதிப்பீடு. உடனே நடவடிக்கை எடுத்தால் 80 சதவீதம் வரை குறையலாம் என்றும் அதிலேயே இருக்கிறது.

‘உள்நாட்டு’ என்ற ஒரு சொல் விடுபட்டதும் வெள்ளமும் வறட்சியும் மறைந்து, அந்நியர்கள் அச்சுறுத்தலாகிவிடுகிறார்கள். காலநிலை அச்சம் பிற குழுவினர் மீதான கசப்பைச் சிலரிடம் கூட்டுவதாகச் சமூக உளவியல் சோதனைகள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன.

சரிபார்க்க முழு அறிக்கையையும் படிக்க வேண்டாம். உலக வங்கித் தளத்தில் அட்டையைப் பாருங்கள். ‘உள்நாட்டுக் காலநிலை இடப்பெயர்வு’ என்று துணைத்தலைப்பிலேயே ஆங்கிலத்தில் இருக்கும்.