ஆமாம், நான் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரசிகன்தான்

சனிக்கிழமை இரவு என் பதிவின் கீழ் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். ஃப்ளீட்வுட் மேக் என்ற ராக் இசைக்குழுவின் 'தி டான்ஸ்' ஆல்பம் பற்றி ஆசையாக நாலு வரி எழுதினேன். ரசிகர்கள் முன்னால் பாடிப் பதிவு செய்த லைவ் ஆல்பமும், ஹிட் பாட்டுகளைத் திரட்டிப் போட்ட கிரேட்டஸ்ட் ஹிட்ஸும் கேட்டுவிட்டு ரசிகர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதாம், ஸ்டூடியோ ஆல்பம்தான் அசலாம். நண்பர் பாடம் எடுத்தார். அதற்கு வரிசையாக ஹார்ட் வேறு. பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

சரி, அசலுக்கே வருவோம். 1977இல் வந்த 'ரூமர்ஸ்'. அதை நானும் தலையில் வைத்துத்தான் கொண்டாடுகிறேன். ஆனால் குழுவின் பாடகி ஸ்டீவி நிக்ஸ், தன் காதலரும் குழுவின் கிட்டார் கலைஞருமான லிண்ட்சி பக்கிங்ஹாமைப் பிரிந்ததைப் பற்றி அதற்காக எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' அதில் இல்லை. நீளமான பாட்டு, எல்பி இசைத்தட்டில் இடமில்லை என்று கழற்றிவிட்டார்கள். ஸ்டூடியோவின் கார் நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போய், குழுவின் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட் அவரிடம் விஷயத்தைச் சொன்னாராம். பாட்டு ஒரு சிங்கிளின் பின்பக்கத்துக்குப் போனது. முன்பக்கத்தில் இருந்தது, அதே பிரிவைப் பற்றி லிண்ட்சி பக்கிங்ஹாம் தன் தரப்பை எழுதிய பாட்டு. கொடுமை!

அந்தப் பாட்டு இந்தக் குழுவின் ஆல்பம் ஒன்றில் ஏறியது எப்போது? 1992இல், பழைய பாட்டுகளைத் திரட்டிப் போட்ட பெட்டித் தொகுப்பில். உலகமே அதைத் திரும்பிப் பார்த்தது எப்போது? 1997இல், 'தி டான்ஸ்' லைவ் ஆல்பத்தில். அந்த வீடியோவைப் பாருங்கள். கடைசிப் பகுதியில் ஸ்டீவி மைக்கைப் பிடித்தபடி லிண்ட்சி பக்கம் திரும்பி, முகத்துக்கு நேராகப் பாடுகிறார். யாரைத் திட்டி எழுதினாரோ அந்த ஆளே பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்துக்கொண்டு பின்குரலும் கொடுக்கிறார். இருபது வருஷக் கோபம் அது. கிராமி பரிந்துரை கிடைத்ததும் இந்த லைவ் வடிவத்துக்குத்தான். ஸ்டூடியோ தூக்கிப் போட்டதைத் தொகுப்பும் லைவும்தான் காப்பாற்றின.

இன்னொன்று. 'டஸ்க்' 1979இல் வந்த இவர்களின் இரட்டை ஆல்பம். 1987இல் அதை ஒரே சிடியில் அடக்குவதற்காக, ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் 'சாரா' பாட்டை வெட்டினார்கள். முழுப் பாட்டும் சிடியில் முதலில் வந்தது 1988 கிரேட்டஸ்ட் ஹிட்ஸில். அதாவது உங்கள் அசல் ஆல்பத்தின் சிடியில் குறைப்பாட்டு, எங்கள் போலியில் முழுப்பாட்டு!

'ரூமர்ஸ்' ஆல்பத்திலேயே, குழுவின் இன்னொரு பாடகி கிறிஸ்டின் மெக்வியின் 'சாங்பேர்ட்' பதிவானது பெர்க்லியில் ஆளில்லாத ஒரு கச்சேரி அரங்கில். 'தி டான்ஸ்' பதிவானதோ பர்பேங்க் சினிமா ஸ்டூடியோவில், அழைக்கப்பட்ட ரசிகர்கள் முன்னால். எது ஸ்டூடியோ, எது லைவ்? நண்பர்தான் விளக்க வேண்டும்.

தொகுப்பில் பாட்டுகளின் வரிசை கெட்டுப்போகும் என்றார் ஒருவர். கெடும்தான். அடுத்த கேள்வி.

லைவ் ஆல்பத்தையும் பின்னால் உட்கார்ந்து திருத்துவார்கள் என்றார் இன்னொருவர். திருத்தட்டுமே! 'ரூமர்ஸ்' ஆல்பத்தின் 'தி செயின்' பாட்டையே ஸ்டூடியோவில் டேப்பை பிளேடால் அறுத்து ஒட்டித்தானே உருவாக்கினார்கள். அங்கே வெட்டினால் கலை, இங்கே வெட்டினால் மோசடியா? நியாயம் இருக்கிறதா இதில்?

உண்மையில் எனக்கு உறைத்தது அதுவல்ல. "கேசட் காலத்து அரைகுறைகள்" என்றாரே நண்பர், அதுதான். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் கடையில் ஃப்ளீட்வுட் மேக் என்று இருந்ததே அந்த ஒரு கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்தான். கடைக்கார அண்ணன் பச்சை மையில், தன் காதில் விழுந்தபடி பாட்டுப் பெயர்களை எழுதித் தருவார். அறுபது நிமிட கேசட்டில் முழுசாக அடங்காது, கடைசிப் பாட்டு பாதியில் டக்கென்று நிற்கும். நண்பருக்கு வெளிநாட்டு மாமா எல்பி கொண்டுவந்து கொடுத்தாராம், அவரே பலமுறை எழுதியிருக்கிறார். சந்தோஷம். எனக்கு அப்படி மாமா வாய்க்கவில்லை. மாமா இல்லாதவன் பாட்டு கேட்கக் கூடாதா?

ஆங்கிலப் பாட்டென்றாலே முகம் சுளிக்கும் என் அப்பா, கிறிஸ்டின் குரல் வரும்போது மட்டும் "இந்தப் பொண்ணு கத்தாம பாடுது, இருக்கட்டும்" என்பார். எந்த ஆல்பம் என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. 2022 நவம்பர் 30 அன்று கிறிஸ்டின் இறந்தார். செய்தி தெரிந்ததும் நான் போட்டது 'தி டான்ஸ்'தான். இந்த அசல் ரசிகரின் சுவரில் அந்த வாரம் ஒரு வரி இல்லை. ஆமாம், பழைய பதிவுகள் வரை போய்ப் பார்த்தேன். பார்த்தால் என்ன?

இன்பாக்ஸில் வந்து "பர்சனலா எடுத்துக்காதீங்க தோழர்" என்றவர்களுக்கு: பர்சனலாகத்தான் எடுத்துக்கொண்டேன். பதில் இருந்தால் இங்கேயே, எல்லோரும் பார்க்கச் சொல்லுங்கள். 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' 2004 ரூமர்ஸ் மறுவெளியீட்டில் இருக்கிறதே என்று மட்டும் கிளம்பி வராதீர்கள். அது எனக்கும் தெரியும். லைவில் ஜெயித்த பிறகுதான் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.