நல்ல பி.பி.யை (அரசு வழக்கறிஞரை) எதை வைத்து அளப்பது?

பெரிய வழக்கு ஒன்றில் விடுதலைத் தீர்ப்பு வந்த அடுத்த நிமிடமே "பி.பி. விலைபோய்ட்டார்" என்று எழுதிவிடுகிறோம். தண்டனை வந்தால் அதே ஆளுக்கு மாலை போடுகிறோம். இந்த அளவுகோலே கோணல். அரசு வழக்கறிஞர் போலீசின் வக்கீல் கிடையாது. நிரபராதி தண்டிக்கப்படும்படி வழக்கை நடத்தக் கூடாது, அவர் குற்றமற்றவர் என்று காட்டக்கூடிய எதையும் மறைக்கக் கூடாது என்று பார் கவுன்சில் நடத்தை விதிகளிலேயே அவருக்குத் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே சில வழக்குகளில் தோற்பதுதான் அவர் வேலையை ஒழுங்காகச் செய்தார் என்பதற்கு அடையாளம்.

அவருடைய நேர்மை இறுதி வாதத்தில் தெரிவதில்லை. கேஸ் கட்டு கைக்கு வந்த அன்று அவர் எதைப் புரட்டுகிறார் என்பதில்தான் தெரியும். கொலை வழக்கு என்றால் விஷயம் தெரிந்தவர் முதலில் பார்ப்பது எஃப்.ஐ.ஆரில் உள்ள கதையை அல்ல; அது பதிவான நேரத்தையும், மாஜிஸ்திரேட் அதைப் பெற்றுக்கொண்டு இனிஷியல் போட்ட நேரத்தையும். இரவு ஒன்பது மணிக்குப் பதிவானது, மறுநாள் மதியம் மூன்றுக்குத்தான் மாஜிஸ்திரேட் கைக்குப் போயிருக்கிறது என்றால் நடுவில் என்ன நடந்தது? எடுத்துப்போன காவலர் யார், சாட்சிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா? அடுத்து பிரேத விசாரணை அறிக்கை. அதில் குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். பதிவு எண்) இல்லாவிட்டால், எஃப்.ஐ.ஆரை அப்புறம் எழுதி முன்நேரம் போட்டார்களோ என்ற கேள்வி கட்டாயம் வரும். பிறகு சான்றுப்பொருட்கள்: மகஜரில் (பொருளைக் கைப்பற்றும்போது எழுதும் பதிவில்) கைப்பற்றிய தேதி, நீதிமன்றத்துக்கு வந்த தேதி, தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போன தேதி. மூன்றும் ஒழுங்காகத் தொடர வேண்டும். ஓட்டை இருந்தால் புலன் விசாரணை அதிகாரியை விசாரணை தொடங்கும் முன்பே கூப்பிட்டுக் கேட்பவர் ஒரு ரகம். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும்போது முதல்முறையாகப் பார்த்து முழிப்பவர் இன்னொரு ரகம். கேட்டும் சரியான விளக்கம் வராவிட்டால் நல்ல பி.பி. அதைப் பூசி மெழுகமாட்டார்.

சாட்சி பிறழும்போது செய்ய வேண்டியது இன்னும் நுணுக்கமானது. சாட்சி கூண்டில் ஏறி "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்கிறார். அப்போதே எழுந்து, பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய நீதிமன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும். போலீசிடம் அவர் முன்பு சொன்ன வாக்குமூலத்தில் முரண்படும் வரிகளை மட்டும் எடுத்துப் படித்துக்காட்டி, "இப்படிச் சொன்னீர்களா" என்று கேட்க வேண்டும். மறுத்தால் அந்த வரியைப் பதிவில் ஏற்ற வேண்டும். பாதி பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பல வாரம் கழித்துப் புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது, "அந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா" என்று அதே வரியைக் கேட்டால்தான் முரண்பாடு நிரூபணமாகும். அந்த ஒரு கேள்வி விட்டுப்போனால் முன்பு செய்த அத்தனையும் வீண்.

முதல் விசாரணைக்கும் குறுக்கு விசாரணைக்கும் நடுவே வாய்தா போக விடுவதும் இதே கணக்கில் சேரும். வினோத் குமார் எதிர் பஞ்சாப் வழக்கில் அந்த இடைவெளி 20 மாதம், சாட்சி மாறிவிட்டார். 2015-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. வாய்தாவை எதிர்த்து எழுந்து நிற்க எந்தச் சட்டப் புலமையும் தேவையில்லை.

இதெல்லாம் ஏட்டளவில் கிடக்கிற விஷயமா என்று கேட்பவர்கள் ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கை எடுத்துப் பாருங்கள். கட்சிக் கண்ணாடியைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு, அரசு வழக்கறிஞரின் நாற்காலியிலிருந்து மட்டும் பாருங்கள். 2001 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு 76 அரசு தரப்பு சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டார்கள். 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து மாறினார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கோரவில்லை, ஏன் மாறினீர்கள் என்று கேட்கவுமில்லை. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கைச் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றியதற்கு அந்த மௌனமும் ஒரு முக்கியக் காரணம்.

அங்கே 2005-இல் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தவர் பி.வி. ஆச்சார்யா. கர்நாடகத்தின் அட்வகேட் ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞராக, ஐந்து முறை இருந்தவர். 2012-இல் இரண்டு பதவியில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலை வந்தபோது, பெரிய பதவியான அட்வகேட் ஜெனரல் பதவியை விட்டுவிட்டு இந்த வழக்கை வைத்துக்கொண்டார். அதே ஆண்டில் நெருக்கடிகளைக் காரணம் சொல்லி இதிலிருந்தும் விலகினார். விசாரணை நீதிமன்றம் தண்டித்ததை எதிர்த்த மேல்முறையீட்டில் அரசு வழக்கறிஞராக ஆஜரானவரின் நியமனமே செல்லாது என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, ஒரே நாள் அவகாசத்தில் எழுத்துப்பூர்வ வாதம் கொடுக்கத் திரும்ப வந்தவரும் அவரே.

அதற்குப் பிறகு வந்த உயர் நீதிமன்ற விடுதலைத் தீர்ப்பில் ஆச்சார்யா சுட்டிக்காட்டியது ஒரு கூட்டல் பிழை. வருமானமாகக் கணக்கில் சேர்த்த கடன்களின் அட்டவணையில் மொத்தம் 24.17 கோடி என்று இருந்தது. வரிசையாகக் கூட்டினால் 10.67 கோடிதான் வரும். அந்த 13.5 கோடியை வருமானத்திலிருந்து கழித்தால், வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து 8.12 சதவீதம் என்பது 76 சதவீதத்தைத் தாண்டிவிடும். 10 சதவீதத்துக்குள் இருப்பதால் விடுதலை என்ற அடிப்படையே ஆட்டம் கண்டது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தண்டனைத் தீர்ப்பை நிலைநிறுத்தியது. ஜெயலலிதா மறைந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு மட்டும் அற்றுப்போனது.

இந்த வழக்கிலேயே மறுபக்கமும் உண்டு. போலீஸ் கைப்பற்றி, ஆனால் அரசு தரப்பு சான்றாவணமாகக் குறியீடு செய்யாத ஆவணங்களைப் பார்வையிடக் கேட்டார் சசிகலா. அவருக்கு அந்த உரிமை உண்டு என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு தரப்புக்குப் பாதகமான காகிதம் பீரோவில் இருந்தால் அதையும் மேசைமேல் வைக்கத்தான் வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்று பார்த்து இந்த விதி மாறாது.

வழக்கை வாபஸ் வாங்குவதிலும் இப்படித்தான். அரசு யோசனை சொல்லலாம். முடிவு அரசு வழக்கறிஞருடையது, ஒப்புதல் நீதிமன்றத்துடையது. நடைமுறையில் ஜி.ஓ. (அரசாணை) வந்ததும் மனு தட்டச்சாகிவிடுகிறது. ஆட்சி மாறினால் தானும் மாறப்போகிற ஒருவரிடம் இதில் முதுகெலும்பை எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். செஷன்ஸ் நீதிமன்ற பி.பி. ஆக 7 ஆண்டு வக்கீல் தொழிலும் மாவட்ட ஆட்சியர் பட்டியலில் பெயரும் வேண்டும் என்கிறது சட்டம். பட்டியலில் பெயர் எப்படி ஏறுகிறது என்பது ஊருக்கே தெரியும்.

ஆகவே இந்த வேலையைச் சட்டக் கல்லூரியிலேயே, இந்த வேலையைச் செய்தவர்களே சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. தொழிலில் இருக்கும் வழக்கறிஞர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று 1979 விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் அப்படிப் பாடம் எடுக்க வருகிறவர்களும் பெரும்பாலும் பிரிவுகளை ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள். போதாக்குறைக்கு 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டதால், போலீஸ் வாக்குமூலத்துக்குப் பழைய 161 புதிய 180 என்று அட்டவணை எழுதிப்போடுவதிலேயே மணி அடித்துவிடுகிறது.

அதற்குப் பதிலாக, தீர்ப்பாகி முடிந்த ஒரு கொலை வழக்கின் கட்டைப் பெயர்களை மறைத்து நகலெடுத்து மாணவர்களிடம் கொடுக்கலாம். முதல் வகுப்பில் தீர்ப்பைக் காட்டக் கூடாது. எஃப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, மகஜர்கள், ஆய்வக அறிக்கை இவ்வளவுதான். அதிகாரியிடம் கேட்க வேண்டிய பத்துக் கேள்விகளையும், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாக இருப்பதால் கட்டாயம் கொடுத்தாக வேண்டிய ஆவணங்களையும் தனித்தனித் தாளில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது தாளை வெறுமையாகக் கொடுப்பவர்களுக்கு முதல் தாளுக்கும் மதிப்பெண் போடாதீர்கள்.